ஸ்டர்லிங் பாலத்தில் நான் செத்த விதங்கள்

ஜூன் 3, செவ்வாய்

இன்று முதல் நான் ஊமை. டாக்டர் மெகருன்னிஸா இவ்வளவு அப்பட்டமாகச் சொல்லவில்லை. 'முழுக் குரல் ஓய்வு' என்றார். கேமராவைத் தொண்டைக்குள் விட்டு, திரையில் என் குரல் நாண்களைக் காட்டினார். ஒன்று வெள்ளையாக இருந்தது, இன்னொன்று ரத்தம் கட்டி நாவற்பழ நிறத்தில் இருந்தது.

"ரெண்டு வாரம் ஒரு வார்த்தை பேசக்கூடாது. கிசுகிசுன்னும் பேசக்கூடாது. கனைக்கக்கூட கூடாது" என்றார்.

"பேசினா என்ன ஆகும் டாக்டர்?"

"குரல் நிரந்தரமாப் போகலாம். இந்தக் கேள்வியே நீங்க கேட்டிருக்கக் கூடாது."

ஆக, என் கடைசி வசனம் அதுதான். முப்பது வருட டப்பிங் வாழ்க்கை முடிகிறதென்றால் இதைவிட மொக்கையான வசனம் அமையாது.

சுகந்தியும் அதே அறையில்தான் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். ஆட்டோவில் ஏறியதும் "டாக்டர் என்ன சொன்னாங்க?" என்கிறாள். கணவனின் வியாதியை எவ்வளவு கவனமாகக் கேட்டிருக்கிறாள் பாருங்கள். உதட்டில் விரலை வைத்துக் காட்டினேன். என்னவோ நான் அவளை அதட்டிவிட்டதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பேசாவிட்டால் நான் வெடித்துவிடுவேன் என்பது அவளுக்குத் தெரியும். அவள் வேலை பார்க்கிற மருந்துக் கடைக்கு வந்த ஓசி டைரி ஒன்றையும், ஒரு சிலேட்டையும் கையில் கொடுத்துவிட்டு மதிய ஷிப்டுக்குக் கிளம்பிவிட்டாள். டைரியின் ஒவ்வொரு பக்கத்திலும் வாயு மாத்திரை விளம்பரம். நான் எழுதுவதற்குப் பொருத்தமான இடம்தான்.

ஜூன் 4, புதன்

எப்படி இந்த கதிக்கு வந்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

என் பெயர் சபேசன். முகத்தைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. ஆனால் நான் சாவதை நிறையப் பேர் கேட்டிருப்பார்கள். வேற்றுமொழிப் படங்களில் மாடியிலிருந்து விழுகிற அடியாள், முதலை விழுங்குகிற வழிகாட்டி, முதல் காட்சியிலேயே சுடப்படுகிற வாட்ச்மேன் எல்லாம் நான்தான். சாலிகிராமத்தில் சாவுக்கு ஆள் வேண்டுமென்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். படம் முடியும்வரை உயிரோடு இருக்கிற ரோல் எனக்கு வந்ததில்லை.

போன மாதம் டப்பிங் இன்சார்ஜ் பிரிட்டோ கூப்பிட்டான். "அண்ணே, கம்ப்யூட்டர் கேம் ஒண்ணு வந்திருக்கு. ஸ்காட்லாந்துல எழுநூறு வருஷத்துக்கு முந்தி நடந்த சண்ட. தமிழ்ல விடறாங்க."

விளையாட்டின் பெயர் 'முட்பூ மகுடம்'. ஆடு மேய்த்து, மரம் வெட்டி, கோட்டை கட்டி, ஆள் சேர்த்து, இங்கிலாந்துக்காரனோடு மோத வேண்டும். சதுரங்கம் மாதிரி உன் முறை, என் முறை என்பது கிடையாது. நாம் டீ குடிக்கப் போனாலும் எதிரி வந்துகொண்டேதான் இருப்பான். மவுசால் ஒரு சிப்பாயைத் தட்டினால் "உத்தரவு" என்பான். போகச் சொன்னால் "புறப்பட்டோம்" என்பான். அந்த உத்தரவும் நான், புறப்பட்டதும் நான், போய்ச் சேர்ந்து செத்ததும் நான்.

சினிமாவில் கூட்டமாகச் சாவதென்றால் எல்லோரும் மைக்கைச் சுற்றி நின்று ஒரே டேக்கில் செத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவோம். இதில் ஒவ்வொரு சாவையும் தனித்தனியாகக் கேட்டார்கள். அம்பு பட்டு ஒன்று, குதிரை மிதித்து ஒன்று, ஆற்றில் விழுந்து ஒன்று. "இன்னும் நாலு பேரக் கூப்பிடட்டுமாண்ணே?" என்றான் பிரிட்டோ. "எதுக்கு? நான் ஒருத்தன் போதும்" என்றேன். எல்லாம் திமிர். இரண்டு நாட்டுச் சேனைகளையும் ஒரே நாளில் சாகடித்துக் காட்டினேன்.

இரண்டு நாள் கழித்து, கம்பெனிக்காரர் வீடியோவில் வந்தார். வெள்ளைக்காரர், தமிழ் தெரியாது. மிகவும் பணிவாக ஒரு சந்தேகம் கேட்டார். "எல்லாரும் சாகும்போது ஒரே பெயரைச் சொல்கிறார்களே, யார் அந்த அம்மா? எங்கள் கதையில் அப்படி ஒருவர் இல்லையே?"

பிரிட்டோ என்னைப் பார்த்தான். நான் கூரையைப் பார்த்தேன். எங்கள் தொழிலில் யார் குத்தினாலும் அம்மா என்றுதான் சாவோம், அது யோசித்துச் செய்வதில்லை. ஸ்காட்லாந்துக்காரனும் இங்கிலாந்துக்காரனும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் போல அம்மா, அம்மா என்று செத்திருக்கிறார்கள். அத்தனை பேரையும் முதலிலிருந்து, வெறும் 'ஆ'வோடு, மறுபடி சாகடிக்க வேண்டியதாயிற்று. கடைசியாக ஒரு குதிரைவீரன் விழுந்தான், கூடவே என் குரலும் விழுந்தது.

ஜூன் 5, வியாழன்

சுகந்தியைக் கூப்பிட ஒரு வழி வேண்டும் என்று பூஜை மணியை எடுத்து வைத்துக்கொண்டேன். காலையில் அடித்தேன். அடுப்படியில் முதுகைக் காட்டி நின்றவள் திரும்பவில்லை. இன்னும் ஓங்கி அடித்தேன். எதிர் வீட்டம்மா கற்பூரத்தட்டோடு வந்து "என்ன விசேஷம்?" என்று கேட்டார். சுகந்தி அப்போதும் தோசையைத்தான் திருப்பிக்கொண்டிருந்தாள். பேச்சுதான் போயிற்று, மரியாதையுமா போயிற்று?

ஜூன் 6, வெள்ளி

பிரிட்டோ வந்தான். கையில் ஒரு லேப்டாப்.

"அண்ணே, இதுல நம்ம கேம் இருக்கு. இன்னும் வெளிய வரல, சும்மா சோதன பண்ணிப் பாக்கற காப்பி. கம்பெனிக்காரங்க கூடுதலா ஒரு பாகம் பண்றாங்க. தளபதிக்கு ஆள் தேடறாங்க. பழைய ஆள் சீரியல்ல மாட்டிக்கிட்டாரு. பதினேழாந்தேதி சாயங்காலம் வாய்ஸ் டெஸ்ட். வேற நாள் குடுக்க மாட்டாங்க. அதுக்குள்ள குரல் வந்துடுச்சுன்னா உங்களுக்குத்தான் முதல் சான்ஸ்."

தளபதி. ஸ்காட்லாந்து சேனைக்கே தலைவர். கத்தவே மாட்டார், மெல்லத்தான் பேசுவார், எல்லோரும் கேட்பார்கள். சிலேட்டில் 'சாவாரா?' என்று எழுதிக் காட்டினேன்.

"கடைசில சாவாருண்ணே. ஆனா அது திரைக்கு வெளிய. சத்தம் வேணாம்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. பதினேழாம் தேதி காலையில்தான் டாக்டர் மறுபடி வரச் சொல்லியிருக்கிறார். முருகா, ஒரே ஒரு தடவை என்னைச் சாகாமல் பேச விடு.

ஜூன் 8, ஞாயிறு

விளையாடிப் பார்க்கிறேன். ஸ்டர்லிங் பாலம் என்று ஒரு கட்டம். ஆற்றுக்கு அந்தப் பக்கம் இங்கிலாந்துச் சேனை, கடல் மாதிரி. நடுவில் குறுகலான மரப்பாலம், இரண்டு குதிரைதான் ஒரு சமயத்தில் வர முடியும். இந்தப் பக்கம் மேட்டில் நாம். தளபதி சொல்வார்: "பொறுங்கள். பாதிப் பேர் பாலத்தைக் கடக்கட்டும்."

அவ்வளவுதான் சூட்சுமம். முன்கூட்டிப் பாய்ந்தால் அவன் உஷாராகித் திரும்பிப் போய், வேறு துறை வழியாகச் சுற்றி வந்து நம்மை முடித்துவிடுவான். பிந்தினால் முழுச் சேனையும் இந்தப் பக்கம் வந்துவிடும். பாதி வந்ததும் இறங்க வேண்டும்.

எனக்குப் பொறுக்கத் தெரியவில்லை. முதல் குதிரை பாலத்தில் கால் வைத்ததுமே "புறப்பட்டோம்" என்று நானே எனக்குப் பதில் சொல்லிக்கொண்டு ஓடிப்போய்ச் சாகிறேன். சுகந்தி எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "நான் ஒரு பேச்ச ஆரம்பிச்சா நீங்கதான முடிப்பீங்க. அதே ஆளுதான் இங்கயும்."

பொய். நான் அப்படியெல்லாம் கிடையாது.

ஜூன் 9, திங்கள்

செத்தேன். பலமுறை.

ஜூன் 10, செவ்வாய்

ஒரு விஷயம் ஒப்புக்கொள்ள வேண்டும். நான் ஊமையானதிலிருந்து சுகந்தி சந்தோஷமாக இருக்கிறாள். சிலேட்டில் எழுதிக் காட்டினால் போதும், உடனே படித்து உடனே பதில் சொல்கிறாள், என் கடி ஜோக்குகளுக்குக்கூடச் சிரிக்கிறாள். வாய் திறந்து பேசிய காலத்தில் பாதிக்கு "ம்ம்" என்பதுதான் பதில். என் கையெழுத்துக்கு இருக்கிற மவுசு என் குரலுக்கு இல்லை.

சாயங்காலம் சீரியல் பார்த்தாள். டிவி சத்தம் தெருமுனை இஸ்திரி கடை வரை கேட்டிருக்கும். எப்போதும்போல எனக்கு இடதுபுறம் வந்து உட்கார்ந்தாள். சோபாவில், பஸ்ஸில், ஹோட்டலில் எங்கே போனாலும் எனக்கு இடதுபுறம்தான். நான் தெரியாமல் அந்தப் பக்கம் உட்கார்ந்துவிட்டால் எழுந்து சுற்றிக்கொண்டு வருவாள். கல்யாண மேடையில் ஐயர் காட்டிய இடத்தை இன்னும் விடவில்லை என்று நினைத்துக்கொள்வேன்.

ஜூன் 11, புதன்

இன்று ஒரு புதையல் கிடைத்தது. பாலத்திலிருந்து ஆற்றில் விழுகிற இங்கிலாந்துச் சிப்பாய்களில் ஒருவன் தெளிவாக, தஞ்சாவூர் ஜில்லாக்காரன் மாதிரி, "அம்மா" என்று கத்திக்கொண்டு முங்குகிறான். அத்தனை பேரையும் திருத்தியதில் இவன் ஒருவன் தப்பியிருக்கிறான். ஹெட்போனில் கேட்டு, சத்தமில்லாமல் வயிறு வலிக்கச் சிரித்தேன்.

சுகந்தி கடையிலிருந்து வந்ததும் ஹெட்போனைப் பிடுங்கிவிட்டு, அவளை லேப்டாப் முன்னால் உட்காரவைத்தேன். சிலேட்டில் 'ஆற்றில் விழுபவனைக் கவனி, அம்மா என்பான்' என்று எழுதினேன். வலது கன்னத்தைக் கிட்டத்தட்ட திரையில் ஒட்டிவைத்துக் கேட்டாள். சிப்பாய் விழுந்தான். எனக்கு அந்த 'அம்மா' மனப்பாடம், அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் என்னைப் பார்த்து, "ஆமாங்க, அம்மான்னே கத்தறான்" என்று கைதட்டிச் சிரித்தாள்.

பிறகு அடுப்படிக்குப் போய், கரண்டியால் டங்கு டங்கென்று பாத்திரத்தைத் தட்டிக்கொண்டிருந்தாள். சிரித்த வாயோடு என்ன கோபமோ தெரியவில்லை.

ஜூன் 12, வியாழன்

லேப்டாப்பைத் திறந்தேன். ஸ்பீக்கர் நேற்று முழுவதும் அணைந்துதான் இருந்திருக்கிறது.

ஜூன் 13, வெள்ளி

என்னைக் கேலி செய்திருக்கிறாள், அவ்வளவுதான். 'என்னவோ ஆசையாகக் காட்டுகிறான், சிரித்து வைப்போம்' என்று சிரித்திருப்பாள். நான் கூட அவள் வாங்கி வரும் சேலைக்கு அப்படித் தலையாட்டியிருக்கிறேன்.

இன்று அவள் சரியாகச் சாப்பிடவில்லை. இரண்டு முறை போனை எடுத்து, யாரும் கூப்பிடாமலே வலது காதில் வைத்துப் பார்த்துவிட்டு வைத்தாள்.

பூஜை மணியை எடுத்துக்கொண்டு அவளுக்கு இடதுபுறமாகப் போய், காதருகே மெல்ல ஆட்டினேன். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டே இருந்தாள். கொஞ்சம் வேகமாக ஆட்டினேன். மணியின் நிழல் முறத்தில் விழுந்த பிறகுதான் திடுக்கிட்டுத் திரும்பினாள்.

"என்னங்க, பூஜையா?" என்றாள்.

நான் தலையாட்டினேன். வேறு என்ன செய்ய? வெள்ளிக்கிழமைதானே என்று போய்க் கற்பூரமும் ஏற்றினேன். ஊர் முழுக்கக் கேட்கிற குரலை வைத்துக்கொண்டு, பக்கத்தில் இருப்பவளுக்குக் கேட்கிறதா என்று ஒரு நாளும் பார்க்காத முட்டாள் நான்.

ஜூன் 14, சனி

காலையில் சிலேட்டில் எழுதிக் காட்டினேன்: 'அன்றைக்கு ஸ்பீக்கர் அணைந்திருந்தது. யாருக்குமே கேட்டிருக்காது.'

படித்தாள். மறுபடியும் படித்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்து முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். பக்கத்தில் உட்கார்ந்தேன், அவளுக்கு வலதுபுறமாக.

"இடது காது ரெண்டு வருஷமா சுத்தமா இல்லங்க" என்றாள். "எங்கம்மாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது. வலது காத வெச்சு ஓட்டிட்டிருக்கேன், இப்ப அதுவும் மந்தமாகுது. கடையில சீட்டு கொண்டு வந்தாங்கன்னா படிச்சு எடுத்துக் குடுத்துடுவேன். வாயால மருந்து பேர் சொல்றவங்களக் கண்டாத்தான் பயம். போன வாரம் ஒருத்தர் 'செவிடாம்மா நீ'ன்னு கத்திட்டார். முதலாளி பாத்துக்கிட்டே நின்னார்."

எனக்கு வாய் வரை ஒரு ஜோக் வந்துவிட்டது. வழக்கமாக இந்த இடத்தில்தான் நான் உள்ளே புகுந்து, அவளைச் சிரிக்கவைத்து, பேச்சை முடித்துவிட்டு எழுந்து போவேன். குரல் இல்லாததால் உட்கார்ந்திருந்தேன். அவளே மேலே பேசினாள்.

"அன்னிக்கு நீங்க கேக்கச் சொன்னப்ப ஒண்ணுமே வரல. சரி, வலதும் போச்சுன்னு நெனச்சு, சிரிச்சுட்டு எந்திரிச்சுப் போயிட்டேன். அடுப்படில கரண்டியால தட்டிப் பாத்தேன். அது கேட்டுச்சுங்க. அப்ப உங்க குரல் மட்டும்தான் எனக்குப் போயிடுச்சோன்னு நெனச்சேன்."

"ஏன் சொல்லல?" என்று எழுதினேன்.

"உங்க குரல வெச்சுத்தான நாம சாப்பிடறோம். அது எனக்கே கேக்கலன்னு எப்படிங்க வாயத் தொறந்து சொல்லுவேன்?"

நானும் அழுதேன். சத்தமில்லாமல் அழ எனக்கு இவ்வளவு நன்றாக வரும் என்று தெரியாது. செவ்வாய்க்கிழமை டாக்டரிடம் அவளே சொல்வதாகச் சத்தியம் செய்தாள். நான் சொல்லக் கூடாதாம்.

ஜூன் 15, ஞாயிறு

பாலத்தில் ஜெயித்தேன். பாதிப் பேர் வரும்வரை கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான் வித்தை. ஜெயித்ததும் தளபதி பேசினார். நான் அவரோடு வாயை மட்டும் அசைத்துப் பார்த்தேன். பொருந்துகிறது.

ஜூன் 17, செவ்வாய்

டாக்டர் மறுபடி கேமராவை விட்டுப் பார்த்தார். "நல்லா ஆறியிருக்கு. ஆனா இனிமே கத்தவே கூடாது. அந்தச் சாவெல்லாம் விட்டுடுங்க. இந்த வாரம் ஒரு நாளைக்கு மொத்தமாப் பத்து நிமிஷம் பேசலாம், மெதுவா. அதுக்கு மேல போனா பழையபடி ரத்தம் கட்டிடும்."

பத்து நிமிடம் தாராளம். தளபதி வசனம் இரண்டு நிமிடம்கூட வராது. நாலு மணிக்கு ஸ்டுடியோ. அதுவரை வாயைத் திறப்பதில்லை, முதல் வார்த்தையே மைக்கில்தான் என்று முடிவோடு வந்திருந்தேன்.

சுகந்தி பக்கம் திரும்பினேன். அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "வரோம் டாக்டர்."

முழங்கையால் இடித்தேன். என் தொடையைக் கிள்ளினாள். எழுதிக் காட்டலாமென்றால் சிலேட்டு வீட்டில். அவள் கதவுப்பிடியில் கை வைத்துவிட்டாள்.

"பொறுங்க டாக்டர்" என்றேன். துருப்பிடித்த கேட்டைத் திறந்த மாதிரி ஒரு சத்தம் வந்தது. அதுதான் என் குரல். "இவங்களுக்கு இடது காது கேக்காது. வலதும் மந்தம்."

"அதெல்லாம் ஒண்ணுமில்ல டாக்டர். சளி" என்றாள்.

"ரெண்டு வருஷமாவா சளி?"

"இவருக்கு எல்லாத்தையும் பெருசாச் சொல்லியே பழக்கம்."

அவள் அம்மாவின் கதையைச் சொன்னேன். கடையில் நடந்ததைச் சொன்னேன். கரண்டியைச் சொன்னேன். அவள் ஒவ்வொன்றையும் மறுக்க, நான் மறுபடி சொல்ல, டாக்டர் கடிகாரத்தைத் தட்டிக் காட்டிக்கொண்டே இருந்தார். கரண்டியைச் சொன்னதும் சுகந்தி பேசுவதை நிறுத்திவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"போதும் சார். இன்னிக்கு உங்க கணக்கு முடிஞ்சு மேலயே போயிடுச்சு" என்றார் டாக்டர். "நாளைக்குத்தான் இனிமே."

அவளைப் பரிசோதனை அறைக்கு அனுப்பினார்கள். பஞ்சு ஒட்டிய சுவர், கனமான கதவு, ஒரு கண்ணாடி ஜன்னல். உள்ளே காதில் ஹெட்போனோடு சுகந்தி, கையில் ஒரு பட்டன். சத்தம் கேட்டால் அமுக்க வேண்டும். அச்சு அசல் எங்கள் டப்பிங் அறைதான். முப்பது வருடமாக உள்ளே நின்றவன் முதல் தடவையாக வெளியே நின்று பார்த்தேன். நிறைய நேரம் அவள் பட்டனை அமுக்கவே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு, பரீட்சைக்குப் படிக்காத பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

காதுக்குள் இருக்கிற குட்டி எலும்பு இறுகியிருக்கிறதாம். கருவி வைத்தால் நன்றாகக் கேட்கும், ஆபரேஷன் பற்றிப் பிறகு யோசிக்கலாம் என்றார் டாக்டர். இதை நிமிர்ந்து, அவள் முகத்தைப் பார்த்து, நிதானமாகச் சொன்னார்.

ஆட்டோவில் ஏறினோம். வடபழனி தாண்டியதும் "உங்க தளபதி?" என்று கேட்டாள். இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன்.

"பைத்தியமாங்க உங்களுக்கு?" என்றவள், இறங்கும்வரை என் கையை விடவில்லை.

ஜூன் 18, புதன்

பிரிட்டோ வந்து லேப்டாப்பை வாங்கிக்கொள்வான் என்று பார்த்தால், வைத்துக்கொள்ளச் சொன்னான். தளபதி ரோல் வேறு ஒருவருக்குப் போய்விட்டது. நல்ல குரலாம், வயது இருபத்தாறாம்.

"என்னண்ணே, வாழ்க்கைல ஒரு தடவ மைக்ல சாகாத ரோல், அதையும் ஆஸ்பத்திரில பேசியே தீத்துட்டீங்களே" என்று வருத்தப்பட்டான். வருத்தம் எனக்கும்தான். காலையில் குளிக்கும்போது கொஞ்சம் அழுதேன். "விஷம் குடிச்சு சாகற ரோல் வந்தா சொல்றேன். அது சத்தமில்லாத சாவு" என்று ஆறுதல் சொல்லிவிட்டுப் போனான். ஆற்றில் விழுந்த அந்த ஒரு 'அம்மா'வைப் பற்றி நான் அவனிடம் மூச்சு விடவில்லை.

ஜூலை 1, செவ்வாய்

சுகந்திக்குக் கருவி வந்துவிட்டது. இடது காதுக்குப் பின்னால், கொண்டைக்கடலை அளவுக்கு. பழகிப் பார்க்கக் கொடுத்திருக்கிறார்கள். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் "இந்த ஆட்டோ இவ்வளவு சத்தம் போடுமா?", "என் செருப்பா இப்படிச் சத்தம் போடுது?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள்.

வீட்டுக்குள் நுழைந்ததும் லேப்டாப்பைத் திறக்கச் சொன்னாள். இந்தத் தடவை ஸ்பீக்கர் போட்டிருக்கிறதா என்று அவளே பார்த்துக்கொண்டாள். பாலத்திலிருந்து சிப்பாய் விழுந்தான், "அம்மா" என்று கத்தினான். அவள் சிரிப்பாள் என்று காத்திருந்தேன்.

"பாவம்" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

இன்றைக்கு எனக்கு அரை மணி நேரம் பேச அனுமதி. அதில் கொஞ்சம் மிச்சம் வைத்திருந்தேன். அவள் முதுகைக் காட்டிக்கொண்டு கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பின்னால் போய், இடதுபுறமாக, நாலடி தள்ளி நின்றேன். மைக் முன்னால் நிற்பதுபோல முதுகை நிமிர்த்திக்கொண்டேன். டாக்டர் சொன்னபடி, எனக்கே கேட்டும் கேட்காத அளவுக்கு மெதுவாக, தளபதி வசனத்தைச் சொன்னேன்.

"பொறுங்கள். பாதிப் பேர் பாலத்தைக் கடக்கட்டும்."

சுகந்தி திரும்பவில்லை. கீரையைக் கிள்ளிக்கொண்டே சொன்னாள்.

"ஏங்க கத்தறீங்க? கேக்குது."